இடிந்தது வங்கி; இழந்தது யார்?

1906ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள், சென்னையிலே ஆர்பத்னாட் கம்பெனி கதவடைத்தது. துரைமார் நடத்தும் கம்பெனி, அங்கே போட்ட பணம் இரும்புப் பெட்டியிலே பூட்டிய பணம் என்று நம்பி, ஓய்வு பெற்ற குமாஸ்தாவும் கணவனை இழந்த மாதரும் சிறு வணிகரும் தத்தம் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டியிருந்தனர். கொட்டியது போயிற்று. தலைவராக இருந்த சர் ஜார்ஜ் ஆர்பத்னாட் நீதிமன்றக் கூண்டிலே நின்றார். 18 திங்கள் கடுங்காவல் பெற்றார். அந்த இடிபாட்டின் புழுதி அடங்குமுன், மறு ஆண்டிலேயே, இந்தியன் வங்கி பிறந்தது. பின்னர் 1938இலே திருவாங்கூர் தேசிய குயிலான் வங்கி வீழ்ந்தபோதும் இதே சென்னை அழுதது.

அன்று ஒரு வங்கி சாய்ந்தால், அதன் கீழே சிக்கியவர் யார் என்பதை ஊர் கண்ணாலே கண்டது. பணம் போட்டவன் வாசற்படியிலே நின்று கதறினான். குமாஸ்தா குடையை மடக்கிக்கொண்டு வீடு திரும்பினான். இன்று? நியூயார்க்கிலே ஒரு வங்கி நடுங்கினால், அம்பத்தூரிலே ஓர் இளைஞனின் மேசை காலியாகிறது. அவன் கதறுவதற்கு வாசற்படியே இல்லை! அவனை வெளியேற்றியவர் யார் என்று கேட்டால், விரல் நீட்டுவதற்கும் ஆள் இல்லை. இந்த விந்தையைப் பற்றித்தான் இவ்வாரம் சிறிது பேசவேண்டும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அறியாதவர் நம்மிலே இலர். 1960களிலே எழுந்த பேட்டை. லேத் பட்டறையும், வார்ப்படச் சாலையும், அச்சு வார்க்கும் கூடமுமாக எழுந்தது. பட்டரவாக்கம் ரயில் நிலையத்திலே இறங்கி, எண்ணெய்க் கறை படிந்த கரத்திலே உணவுத் தூக்கு ஏந்தி நடந்த பாட்டாளிகளின் வரிசை இன்னும் பலர் நினைவிலே உண்டு. அந்தப் பட்டறைகள் சில நின்ற மனைகளிலே இன்று கண்ணாடிச் சுவர்கள் நிற்கின்றன. எச்.சி.எல். முதலிய பெரு நிறுவனங்கள் இங்கே கணிப்பொறிக் கூடங்களை அமைத்தன. லேத் ஓட்டிய தந்தையின் மகன் அங்கே மென்பொருள் எழுதுகிறான். ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையிலே டாங்கி செய்தவரின் மகள், அயல்நாட்டு வங்கியின் கணக்குப் பொறியிலே பிழை தேடுகிறாள். திருமுல்லைவாயிலிலிருந்தும், திருநின்றவூரிலிருந்தும், பூந்தமல்லி, குமணன்சாவடியிலிருந்தும் பகலுக்கொரு கூட்டம், இரவுக்கொரு கூட்டமாக வருகின்றனர். குடும்பத்திலே முதன்முதற் பட்டம் பெற்றவர்கள் இவர்களிலே எத்தனையோ பேர்.

வளர்ச்சிதான், மறுக்கவில்லை. மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. டாங்கி செய்த தந்தைக்கு முதலாளி யார் என்று தெரியும் - சர்க்கார். 2021இலே டில்லி அந்தத் தொழிற்சாலையையும் ஒரு கம்பெனியின் கீழ்க் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது தனிக் கதை. ஆயினும் அவருக்குச் சங்கம் இருந்தது. சங்கத்திற்குக் கொடி இருந்தது. கொடிக்குக் கம்பம் இருந்தது, ஆலை வாசலிலேயே! மகளுக்கு முதலாளி யார்?

ஏணியைப் பாருங்கள். உச்சிப்படியிலே நியூயார்க்கிலோ இலண்டனிலோ ஒரு வங்கி. அது தன் கணிப்பொறிப் பணியை ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்திடம் குத்தகைக்கு விடுகிறது. அந்நிறுவனம் தன் நிரந்தர ஊழியரைக்கொண்டு ஒரு பகுதியைச் செய்கிறது. மீதிக்கு, ஆள் அனுப்பும் ஏஜென்ஸியிடம் சொல்லி ஆள் தருவிக்கிறது. அந்த ஏஜென்ஸியோ, சம்பளப் பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ளும் வேறொரு கம்பெனியின் பெயரிலே அவளுக்கு உத்தரவுக் கடிதம் தருகிறது. நால்வர், நடுவிலே ஒருத்தி. வேலை உச்சிப்படியிலிருந்து வருகிறது. சம்பளம் அடிப்படியிலிருந்து வருகிறது. இடையிலுள்ள ஒவ்வொரு படியும் அதிலே தன் பங்கைக் கிள்ளிக்கொள்கிறது.

வங்கி நடுங்கும் நாளிலே நடப்பது என்ன? செலவைக் குறை என்று கட்டளை பிறக்கிறது. வங்கியின் அன்றாட ஓட்டத்திற்கு வேண்டிய பணியை நிறுத்த இயலாது; பணம் போட வேண்டும், எடுக்க வேண்டும். ஆகவே புதியன செய்யும் திட்டங்களை நிறுத்துகிறார்கள். மணிக்கு இவ்வளவு என்ற கட்டணத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். முப்பது நாள் அறிவிப்பிலே, காரணம் கூறாமலே, குத்தகையை முடித்துக்கொள்ளும் விதியை எடுத்துத் தூசி தட்டுகிறார்கள். இதற்குத் தொழிலிலே 'ரேம்ப் டவுன்' என்று நாகரிகப் பெயர். சாய்வுப் பாதையிலே மெதுவாக இறங்குவதாம்! இறங்குகிறவளுக்கு அது பாதையன்று, பள்ளம்.

அவள் கேட்கிறாள்: "என்னை நீக்கியது யார்?"

வங்கி கூறுகிறது: "அம்மா, நீ எங்கள் ஊழியரே அல்லவே! நாங்கள் சேவையை வாங்கினோம், ஆளை வாங்கவில்லை."

பெரு நிறுவனம் கூறுகிறது: "உன் பணி நன்று. ஆனால் நீ எங்கள் பட்டியலில் இல்லை, ஏஜென்ஸியைக் கேள்."

ஏஜென்ஸி கூறுகிறது: "நீ எங்கள் ஆள்தான். ஆனால் திட்டப்பணி உள்ளவரைதான் எங்கள் ஆள். கடிதத்திலே இருக்கிறதே, படிக்கவில்லையா?"

மூவரும் பொய் கூறவில்லை! மூவர் கூறுவதும் அவரவர் காகிதப்படி உண்மை. மூன்று உண்மைகளைக் கூட்டினால் ஒரு பெரிய பொய் கிடைக்கும் என்ற கணக்கை இவர்கள்தாம் கண்டுபிடித்தார்கள்.

இன்னொன்றையும் ஊன்றிப் பாருங்கள். வங்கி 'இத்தனை ஆயிரம் பேரைக் குறைக்கிறோம்' என்று அறிவிக்கும்போது, அந்தத் தொகையிலே இவள் இல்லை. வங்கியின் வரவுசெலவிலே இவள் 'ஊழியர் சம்பளம்' என்ற தலைப்பின்கீழ் வருவதில்லை; 'தொழில்நுட்பச் செலவு', 'சேவைக் கட்டணம்' என்ற தலைப்புகளின்கீழ் வருகிறாள். அச்சிடும் காகிதமும், குளிரூட்டும் எந்திரமும் எப்படியோ, அப்படி. பெரு நிறுவனத்தின் ஆட்குறைப்புக் கணக்கிலும் இவள் இல்லை. பிறப்பைப் பதிவு செய்யாதவனுக்கு இறப்புச் சான்று எங்கே கிடைக்கும்?

2008 செப்டம்பர் 15ஆம் நாள் லேமன் பிரதர்ஸ் திவாலானது. 1850லே தோன்றி, 158 ஆண்டு நின்ற நிறுவனம். மறுநாளே ஏ.ஐ.ஜி. என்னும் காப்பீட்டு நிறுவனத்தைத் தாங்க அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கொடுத்தது. முதலாளிக்கு ஆபத்து என்றால் அமெரிக்காவிலும் சர்க்கார் ஓடிவரும், அறிக! அந்நாளிலே இந்திய மென்பொருள் ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வங்கி, நிதி, காப்பீட்டுத் துறைகளை நம்பியிருந்தது. இன்றும் நம் பெரு நிறுவனங்களுக்குக் கால் பங்குக்கு மேற்பட்ட வருவாய் அத்துறைகளிலிருந்தே வருகிறது. அங்கே இருமினால் இங்கே காய்ச்சல்.

அவ்வாண்டு அக்டோபரிலே நடந்த ஒரு விற்பனையை மறக்கலாகாது. பணமுடையிலே தவித்த சிட்டி குழுமம், இந்தியாவிலே தனக்கிருந்த சேவைக் கம்பெனியை டாடா கன்சல்டன்ஸிக்கு 50 கோடியே 50 இலட்சம் டாலருக்கு விற்றது. கம்பெனியோடு ஏறத்தாழ 12,000 ஊழியர்களும் கைமாறினர். டிசம்பரிலே தன் தொழில்நுட்பக் கம்பெனியை விப்ரோவுக்கு 12 கோடியே 70 இலட்சம் டாலருக்கு விற்றது. சென்னையிலும் பம்பாயிலும் பணியாற்றியோர் அதிலே அடக்கம். இரவு உறங்கும்போது வங்கி ஊழியர்; காலை விழிக்கும்போது குத்தகைக் கம்பெனி ஊழியர்! நாற்காலி அதே, கணிப்பொறி அதே, வேலை அதே. மாறியது என்ன? அவர்களுக்கும் வங்கிக்கும் இடையிலே ஒரு சுவர் எழும்பியது. வங்கி கேட்டதும் அந்தச் சுவரைத்தான்.

சுவரின் விலை என்ன என்பதை வேறொரு கதை காட்டும். 2020 ஆகஸ்ட் 11ஆம் நாள், ரெவ்லான் என்னும் ஒப்பனைப் பொருள் கம்பெனியின் கடனுக்கு வட்டியாக 78 இலட்சம் டாலர் அனுப்ப வேண்டிய சிட்டி வங்கி, ஏறத்தாழ 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. மூவர் பார்த்து ஒப்புதல் தரவேண்டிய ஏற்பாடு. அம்மூவருள் இருவர் இந்தியாவிலிருந்த குத்தகை நிறுவன ஊழியர்; மூன்றாமவர் அமெரிக்காவிலிருந்த வங்கி அதிகாரி. பழைய மென்பொருளிலே ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும் என்று மூவரும் எண்ணினர். மூன்று கட்டங்களில் குறியிட்டிருக்க வேண்டும். பணத்தில் பெரும் பகுதியைப் பெற்றவர்கள் திருப்ப மறுத்தனர். 2021இலே வங்கி வழக்கிலே தோற்று, 2022இலே மேல்முறையீட்டிலே வென்றது. குழப்பமான பொறியை வைத்தது யார், புதுப்பிக்காமல் விட்டது யார் என்ற கேள்விகளை நீதிபதி கேட்டாரோ இல்லையோ, நாம் கேட்கலாம். 90 கோடி டாலரை அனுப்பும் விசையின்மேல் ஓர் ஊழியரின் விரலை வைக்கலாமாம். அவரை ஊழியர் என்று அழைக்கலாகாதாம்!

அதே வங்கி 2025 மார்ச்சிலே மனம் மாறியதாகச் செய்தி வந்தது. தன் கணிப்பொறித் துறையிலே பாதிப்பேர் வெளியிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர். இதனை 20 விழுக்காடாகக் குறைத்து, சொந்த ஊழியரை நியமிக்கப் போகிறோம் என்றது. இரக்கம் பிறந்துவிட்டதென்று எவரும் மயங்கவேண்டாம். கட்டுப்பாடு போதவில்லை, விவரங்கள் ஒழுங்காக இல்லை என்று அமெரிக்க மேற்பார்வையாளர்கள் 2020இலே 40 கோடி டாலரும், 2024இலே 13 கோடியே 60 இலட்சம் டாலரும் தண்டம் விதித்திருந்தனர். சொந்த ஊழியர் வேண்டும் என்ற முடிவு நல்லதே; நாம் கேட்பதும் அதுவே. ஆனால் இத்தனை ஆண்டு அதே நாற்காலியிலே அமர்ந்து, அந்தப் பொறியின் நரம்பெல்லாம் அறிந்தவனை முதலிலே அழை என்று எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. அவன் வேலை போவது உறுதி. அவனுக்கே அது மீள்வது உறுதியில்லை.

இணைப்பு நடந்தால் வேலை பெருகும் என்பாரும் உளர். உண்மை, பெருகும். 2023 மார்ச் 19ஆம் நாள் கிரெடிட் சுவிஸ் வங்கியை யு.பி.எஸ். 300 கோடி பிராங்குக்கு விழுங்கியபோதும், 2020 ஏப்ரலிலே அலகாபாத் வங்கி நம் இந்தியன் வங்கியோடு இணைந்தபோதும், இரு கணக்குப் பொறிகளை ஒன்றாக்கும் மாபெரும் பணி பிறந்தது. ஆயிரமாயிரம் கணக்குகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கு ஒப்பந்தத்திலே ஆள் எடுப்பார்கள். இரவு பகலாக உழைத்து அவர்கள் பணியை முடிக்கும் நாளே அவர்களுடைய கடைசி நாள். பாலம் கட்டியவனை ஆற்றின் அக்கரையிலே விட்டுவிட்டுப் பாலத்திற்குச் சுங்கம் வசூலிக்கும் ஏற்பாடு இது.

அயல்நாட்டை விடுங்கள், கருவூருக்கு வருவோம். 1926லே அங்கே தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 17ஆம் நாள் முடக்கப்பட்டது. கணக்கிலே எவ்வளவு இருந்தாலும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாது என்றனர். பத்தே நாளில், நவம்பர் 27லே, சிங்கப்பூர் முதலாளிகளின் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தனர். பங்குதாரர் கையிலே இருந்த பங்கு வெற்றுக் காகிதமாயிற்று. ஆயினும் ஊழியர் அனைவரும் அதே ஊதியத்திலே, அதே நிபந்தனைகளிலே தொடர்வர் என்ற உறுதி இணைப்புத் திட்டத்திலே இருந்தது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அதற்கு வழி செய்திருக்கிறது. வங்கி ஊழியர் சங்கங்கள் பல்லாண்டு போராடிக் கட்டிய வேலி அது. வேலிக்குள்ளே நின்றவர் பிழைத்தனர். ஏஜென்ஸி வழியே வந்து அதே வங்கியின் கணிப்பொறியைக் காத்தவர், காவலர், துப்புரவாளர் பற்றி அப்பிரிவிலே ஒரு சொல் இல்லை. ஒரே கூரை, ஒரே புயல், இரண்டு விதிகள்!

சட்டமே இல்லையா என்பீர். உண்டு. 1970லே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2001லே உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்டாலும் அத்தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்றது. 2025 நவம்பர் 21 முதல் டில்லி நான்கு தொகுப்புச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 20 பேர் இருந்தாலே பொருந்தும் என்றிருந்தது, 50 பேர் என்றாயிற்று. மூடுவதற்கும் ஆட்குறைப்புக்கும் சர்க்கார் அனுமதி வேண்டும் என்ற காவல், 100 தொழிலாளர் உள்ள ஆலையிலிருந்து 300 பேர் உள்ள ஆலைக்கு ஏறிவிட்டது. இவற்றுக்குப் பெயர் சீர்திருத்தம். 1955 சனவரியிலே நம் ஆவடியிலே பந்தலிட்டு, 'சோஷலிச மாதிரியான சமுதாயம்' என்று காங்கிரசார் தீர்மானம் போட்டனர். 'மாதிரி' என்ற சொல்லை அன்றே நாம் சந்தேகித்தோம்! இன்று டில்லியிலே இருப்போர் அந்த மாதிரியைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

"கணிப்பொறிக்காரர் கை நிறையச் சம்பாதிப்பவராயிற்றே, அவருக்கு ஏன் தொழிலாளர் சட்டம்?" என்று வினவுவோர் நம்மிடையேயும் உண்டு. பெரு நிறுவனத்தின் உச்சியிலே இருப்போரின் சம்பளத்தைச் செய்தித்தாளிலே படித்துவிட்டுக் கேட்கும் கேள்வி இது. ஏஜென்ஸி வழியே வந்த இளைஞனின் மாதச் சம்பளத்திலிருந்து அறை வாடகையும், கல்விக் கடன் தவணையும், ஊருக்கு அனுப்பும் தொகையும் கழித்தால் மிஞ்சுவது என்ன என்று அவனைக் கேளுங்கள். மேலும், சட்டத்தின் கண்ணிலே தொழில்நுட்பப் பணி செய்பவனும் தொழிலாளியே, மேலாளன் அல்லன். 2015 சனவரியிலே சென்னை உயர்நீதிமன்றம், பெரு நிறுவனம் ஒன்று நீக்கிய கருவுற்ற பெண் ஊழியர் ஒருவருக்காக இடைக்காலத் தடை விதித்தது. 2016லே, கணிப்பொறித் துறையினரும் சங்கம் அமைக்கலாம், சட்டம் தடையில்லை என்று தமிழக அரசு தெளிவுபடுத்தியது. ஆனால் அவையெல்லாம் நிரந்தர ஊழியர் திறந்த கதவுகள். ஒப்பந்தக்காரர் இன்னும் தெருவிலேயே நிற்கிறார்.

இந்தத் தமிழகத்திற்கு வழி தெரியாததன்று. 1981லே தனிச் சட்டம் ஒன்றை இயற்றினோம்: 24 திங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவன் நிரந்தரமானவன் என்று. யார் ஆட்சியிலே வந்தது என்று இங்கே கணக்குப் பார்க்க வேண்டுவதில்லை, நல்ல சட்டம். அதைத் தட்டிக்கழிக்க 479ஆம் நாளிலே ஏஜென்ஸியின் பெயரை மாற்றும் தந்திரத்தைக் கற்றுக்கொண்டார்கள். நாற்காலி மாறாதபோது பெயர் மாறினால் நாள் அறுபடாது என்று ஒரு வரி சேர்க்க முடியாதா? தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலிலே இருக்கிறது. டில்லிக்கு மட்டும் எழுதிக்கொடுத்த சொத்தன்று. சென்னைக் கோட்டையிலே அமர்வோர் எவராயினும் இதைச் செய்யக் கடமைப்பட்டவர்.

ஏஜென்ஸி கூலி தரத் தவறினால் பணி வாங்கிய முதன்மை முதலாளி தரவேண்டும் என்ற விதி ஏற்கெனவே உண்டு. கூலிக்கு உள்ள அப்பொறுப்பை, ஒரு மாத அறிவிப்புக்கும், ஆண்டுக்கு 15 நாள் ஊதிய ஈட்டுத் தொகைக்கும் நீட்டவேண்டும். ஆட்குறைப்புக்கு ஆளானவனையே மீண்டும் ஆள் எடுக்கும்போது முன்னே அழைக்கவேண்டும் என்ற பழைய விதியை, சுவருக்கு அப்பாலிருந்தவனுக்கும் பொருத்தவேண்டும். ஆட்குறைப்பு அறிவிப்பிலே ஒப்பந்த ஊழியர் எத்தனை பேர் என்று எழுதாத நிறுவனத்திற்குத் தண்டம் விதிக்கவேண்டும். முதலில் எண்ணட்டும், பிறகு வாதிடட்டும்.

இவை தாமாக வாரா. ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கத்தைப் பதிவு செய்ய மனுக் கொடுக்கலாம். பத்து விழுக்காடு அல்லது நூறு பேர், எது குறைவோ அது போதும் என்கிறது சட்டம். எந்தக் கம்பெனியின் நூறு பேர் என்று ஏஜென்ஸிகள் நம்மைக் குழப்பப் பார்ப்பார்கள். சட்டத்தை எடுத்துப் படியுங்கள், தோழர்களே: 'நிறுவனத்திலோ தொழிலிலோ' என்றிருக்கிறது. நால்வேறு ஏஜென்ஸியின் கடிதம் வைத்திருப்போரும் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்தாம். அம்பத்தூர்ப் பேட்டையின் டீக்கடைகளிலே, இரவுப் பணி முடிந்து, கழுத்துப் பட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு விடியற்காலையிலே நிற்பவரை எண்ணினாலே நூறு பேர் தேறுவர்.